பங்குனியில் சிவாஜிநகர்

புங்கமரம் தளிர்க்கும் பங்குனிக் காலையில் சிவாஜிநகரில் உலவுவோர், ஆங்கிலேயர் வகுத்த ஊரொன்றில் நடக்கின்றனர். 1809-ஆம் ஆண்டில் பெங்களூரில் அவர்தம் படைப்பாளையம் அமைந்தது. படையின் பின்னே வந்தோர் பலர் நம்மவரே: கொத்தர், சுமைகாரர், சமையற்காரர், காய்கறி விற்போர். அந்நாளில் இப்பகுதிக்குப் பிளாக்பள்ளி என்று பெயர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் வருகை பெருகிற்று.

கூரிய கோபுரத்தோடு மரியன்னை ஆலயம் 1882-இல் எழுந்தது. தோற்றமோ ஐரோப்பியம், ஆனால் செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவில் தேர் உலா வருகையில், நம் ஊர்த் தேரோட்டமே நினைவுக்கு வரும்!

1933-இல் திறக்கப்பெற்ற சந்தைக்கு நகராட்சி ஆணையர் ரஸ்ஸலின் பெயர் நின்றுவிட்டது. 1947-இல் இப்பாளையம் மைசூர் ஆட்சியுடன் இணைந்தது. ரஸ்ஸலை ஊர் அறியும். அச்சுவர்களை எழுப்பிய கொத்தர் ஒருவர் பெயரையேனும் யான் எங்கும் கண்டிலேன்.