புதுமுக மாணவருக்கும் உயர் குருதி அமுக்கமா?

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே மருத்துவப் பரிசோதனை நடத்தப்படுகிறது. உயரம், நிறை, பார்வை ஆகியவற்றுடன் குருதி அமுக்கமும் அளக்கப்படும். பலருக்கு வாழ்க்கையில் முதற்தடவையாக அது அளக்கப்படுவது அன்றுதான். 20 வயதில் ‘பிறசர்’ வரும் என்று எவரும் நினைப்பதில்லை. அதனால் படிவத்தில் எழுதப்பட்ட எண்ணைப் பலர் கவனிப்பதும் இல்லை.

120/80 மி.மீ. இரசத்துக்குக் குறைவான அளவு இயல்பானது. வெவ்வேறு நாட்களில் அளந்தபோதும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90ஐ எட்டினால், அது உயர் குருதி அமுக்கம். ஒரு தடவை அளந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பயம், வரிசையில் நின்ற களைப்பு, சற்றுமுன் குடித்த கோப்பி என்பனவும் அளவைக் கூட்டும். 5 நிமிடம் அமைதியாக அமர்ந்திருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து மீண்டும் அளக்க வேண்டும்.

இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறிகள் இல்லை. இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றை அது ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிப் பாதிக்கும். உலகில் 30 முதல் 79 வயது வரையான 128 கோடிப் பேருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை அறியாதிருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் தெரிவித்தது.

உயர்தரப் பரீட்சைக்காக ஆண்டுக்கணக்கில் ரியூசன் வகுப்புகளில் அமர்ந்திருந்த உடல், அடுத்ததாக விடுதி வாழ்க்கைக்குள் நுழைகிறது. கொத்துரொட்டி, நூடில்ஸ், மிக்சர் போன்ற உப்புக் கூடிய உணவுகள், நித்திரைக் குறைவு, உடற்பயிற்சியின்மை, கூடும் உடல் நிறை, சிகரெட், மது ஆகியவை ஆபத்தை வளர்க்கின்றன. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமானது. இது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

பரம்பரையும் முக்கிய காரணி. “பெற்றோருக்குக் குருதி அமுக்கம் உண்டா?” என்று மருத்துவர் கேட்பார். போரில் தந்தையையோ தாயையோ சிறுவயதில் இழந்த பிள்ளைக்கு, காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளைக்கு, இதற்குப் பதில் தெரியாதிருக்கலாம். அப்படியானால் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டாம். ‘தெரியாது’ என்றே சொல்லுங்கள். தெரியாததை இல்லை என்று பதிந்தால் மருத்துவரின் கணிப்புப் பிழைக்கலாம். உயிரோடுள்ள பெரியப்பா, சித்தப்பா, மாமி, அம்மம்மா ஆகியோரிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குள்ள நோய்களும் உங்கள் குடும்ப வரலாறுதான். கேட்க எவரும் இல்லையென்றால், ஆண்டுக்கு ஒரு தடவையாவது அளந்து பாருங்கள்.

இளவயதில் அமுக்கம் தொடர்ந்து உயர்ந்திருந்தால், சிறுநீரக நோய் போன்ற வேறு காரணம் மறைந்திருக்கலாம். எனவே மருத்துவரைக் கட்டாயம் நாட வேண்டும். அரச மருத்துவமனைகளில் இந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை. சொந்தமாக மருந்து எடுப்பதும், மருத்துவர் தந்த மருந்தை இடையில் நிறுத்துவதும் கூடாது.

பரிசோதனை நாளில் உங்கள் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.