அண்ணீரகமும் தாம்பரம் சானடோரியமும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையத்தை எவரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'சானடோரியம்' என்றால் போதும். அன்றாடம் அங்கே ஏறி இறங்குபவர்களில் எத்தனை பேருக்கு அச்சொல் காசநோயாளிகளுக்கான ஆரோக்கிய இல்லத்தைக் குறிக்கிறது என்பது நினைவிருக்கும்? நோய் ஓர் ஊருக்குப் பெயராகிவிட்டது. பெயரில் நோய் மறைந்துவிட்டது.

அந்த இல்லத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் ஒன்றை நடத்தியவர். 1917இல் கணிதமேதை ராமானுஜன் சிறிது காலம் அவரிடம் அங்கே சிகிச்சை பெற்றார். (ராமானுஜனுக்கு இருந்தது காசநோய்தானா, ஈரலைத் தாக்கும் அமீபா நோயா என்ற ஐயத்தைப் பின்னாளைய ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கின்றனர்.) தாம்பரம் இல்லத்தை 1937இல் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது.

மருந்தில்லாத காலம் அது. தூய காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே சானடோரியச் சிகிச்சை. மாதக்கணக்கில் படுத்திருந்தவரை மெல்ல எழுந்து உட்காரவும், சில அடிகள் நடக்கவும் அனுமதிப்பார்கள். நமக்கு எழுந்து நிற்பது ஒரு பொருட்டே அல்ல. உடலுக்கோ அது ஒரு சோதனை. எழுந்த கணத்தில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. அதை மூளைக்கு மீட்டுத் தருவது முதலில் நரம்புகளின் வேலை. நடை, ஓட்டம், காய்ச்சல், காயம் என்று சுமை கூடக்கூட, சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அண்ணீரகச் சுரப்பிகளும் துணைக்கு வருகின்றன.

இச்சுரப்பி ஒவ்வொன்றும் ஐந்து கிராம் அளவே எடையுள்ளது. அதன் உட்பகுதி சுரக்கும் அட்ரினலின் இதயத் துடிப்பை விரைவாக்குகிறது. தோலுக்கும் குடலுக்கும் செல்லும் நாளங்களைச் சுருக்கி, உழைக்கும் தசைகளுக்குக் குருதியைத் திருப்புகிறது. புறணியில் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் உப்பைத் தக்கவைத்துக் குருதியின் கன அளவைக் காக்கிறது. கார்டிசால் செய்வது நுட்பமான வேலை: அது இல்லையேல் நாளங்கள் அட்ரினலினின் கட்டளைக்குச் சரிவர இணங்குவதில்லை.

இந்தச் சுரப்பி அழிந்தால் என்னவாகும் என்பதை முதலில் எழுதி வைத்தவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன். 1855இல் வெளிவந்த அவருடைய சிறு நூல் பதினொரு நோயாளிகளைப் பற்றியது. தீராத சோர்வு, பலவீனமான நாடித்துடிப்பு, தோல் கருமை, இறுதியில் மரணம். அவர்களில் பலரது அண்ணீரகத்தை அழித்திருந்தது காசநோய்தான். நுரையீரலிலிருந்து குருதி வழியே பயணித்த கிருமி, அச்சுரப்பியில் குடியேறியிருந்தது.

அச்சுரப்பி செய்யும் வேலை என்ன என்பது துலங்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1890களில் ஜார்ஜ் ஆலிவர் என்ற மருத்துவர் அண்ணீரகச் சாற்றுடன் லண்டனில் பேராசிரியர் ஷாஃபரைத் தேடிச் சென்றார். ஷாஃபர் நம்பவில்லை என்றும், ஆலிவரின் வற்புறுத்தலால் ஒரு நாயின் நாளத்தில் அச்சாற்றைச் செலுத்தியதும் அழுத்தமானியின் பாதரசம் வியக்கத்தக்க உயரத்துக்கு ஏறியது என்றும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. 1901இல் ஜப்பானியரான தகாமினே அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து அட்ரினலின் என்று பெயரிட்டார். ஆயினும் அட்ரினலின் அடிசன் நோயாளிகளைக் காப்பாற்றவில்லை. அவர்களுக்கு முதன்மையாகத் தேவைப்பட்டவை புறணியின் ஹார்மோன்கள். 1930களில் உப்பை மிகுதியாகக் கொடுத்துச் சிலரது ஆயுளை நீட்டிக்க முடிந்தது. புறணி ஹார்மோன்களின் ஆய்வுக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவரும் நோபல் பரிசு பெற்றது 1950இல்.

காசநோயாளிகள் நிறைந்த ஓர் இல்லத்தில் இந்நோயைப் பிரித்தறிவது எத்தனை கடினம் என்று எண்ணிப் பாருங்கள். சோர்வு, பசியின்மை, மெலிவு மூன்றும் காசநோய்க்கும் உரியவை. வெள்ளைத்தோலில் பளிச்செனத் தெரியும் கருமை நம் நிறத்தில் புலப்படாது. ஈறுகளையும் உள்ளங்கை ரேகைகளையும் தேடிப் பார்க்கவேண்டும். எழுந்ததும் கண் இருண்டு சாயும் ஒருவரை 'இன்னும் தேறவில்லை' என்று மீண்டும் படுக்க வைப்பதே இயல்பு. உப்புக்கும் ஊறுகாய்க்கும் அவர் ஏங்கினால், நாக்கு செத்துவிட்டது என்றே உடனிருப்போர் நினைத்திருப்பர்.

பின்னர் ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிடும் வந்தன. மருந்து கிடைத்தால் வீட்டிலிருந்தபடியே ஏறத்தாழ அதே அளவு குணமடையலாம் என்பதை 1959இல் வெளியான சென்னை ஆய்வுதான் உலகுக்குக் காட்டியது. சானடோரியங்களின் காலம் முடிந்தது. தாம்பரத்து இல்லம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொடர்கிறது. 1990கள் முதல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் புகலிடமானது.

ஆனால் அடிசனின் நோய் முடிந்த கதையன்று. இன்றைய காசநோய்ச் சிகிச்சையின் தூணான ரிஃபாம்பிசின், ஈரலில் கார்டிசால் சிதைவதை விரைவுபடுத்துகிறது. சுரப்பி பாதி அழிந்த நிலையில் ஒப்பேற்றிக் கொண்டிருக்கும் ஒருவருக்கு, நோயைத் தீர்க்கும் மருந்தே குருதியழுத்தத்தைச் சரித்துவிடக்கூடும். முன்கூட்டி அறிந்தால் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை போதும். அறியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, காசநோய் மருந்து உண்ணும் நம் உறவினர் எழும்போதெல்லாம் தலைசுற்றுகிறது என்றால், பலவீனம் என்று தேற்றிவிட்டு நகராமல் மருத்துவரிடம் அதைச் சொல்லவேண்டும். சானடோரியம் நிலையத்தை ரயில் கடக்கும்போதெல்லாம், எழுந்து நிற்கக் கற்றுக்கொண்ட அந்தப் பழைய நோயாளிகளை நினைத்துக்கொள்கிறேன்.