உறைமோரும் குப்பி மோரும்: ஒரு சிறு வரலாறு

சென்ற கோடையில் எம் வகுப்பு மாணவி ஒருத்தி விரல் நீளக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். காய்ச்சல் மருந்தால் வயிறு கெட்டுத் தேறிவரும் தம்பிக்காகச் சிவகாசிக் கடையொன்றில் வாங்கியது. "இதுல நல்ல கிருமி இருக்காம் சார். தினம் ஒண்ணு குடிக்கணுமாம். அம்மா வாங்குற வாரக் கூலிக்கு இது கட்டுமா?" என்று கேட்டாள். அவள் தாய் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. நாம் அன்று நடத்திக்கொண்டிருந்த பாடம் பெரும்பாணாற்றுப்படை. அவள் கேள்விக்கான விடையின் முதற்பகுதி அந்நூலிலேயே இருந்தது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில் ஆய்மகள் ஒருத்தி வருகிறாள். விடியுமுன் எழுந்து மத்தொலிக்கத் தயிர் கடைகிறாள். வெண்ணெயை எடுத்துவிட்டு, மோர்ப்பானையைச் சும்மாட்டின்மேல் ஏற்றி ஊருக்குள் சென்று விற்கிறாள். மோர் விற்றுப் பெற்றதைக் கொண்டு சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய் விற்ற விலைக்குப் பொன்னை வாங்காமல் எருமையையும் பசுவையும் பெறுகிறாள். மோருக்கு 'அளை' என்ற பழம்பெயரும், தயிருக்கு இடும் 'உறை' என்ற சொல்லும் அப்பகுதியிலேயே உள்ளன. அளை வழக்கொழிந்தது. உறையோ இன்றும் நம் அடுக்களையில் மாறாப் பொருளோடு வாழ்கிறது.

நம் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் ஆண்டாளும் ஆயர்பாடியைப் பாடினர். திருப்பாவையில் தோழியை எழுப்பும் ஒலிகளுள் ஆய்ச்சியர் தயிர் கடையும் ஓசையும் ஒன்று. அதே ஊரின் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலைச் சுண்டக் காய்ச்சிய இனிப்புக்குப் பட்டயம் கிடைத்தது. அதே பாலைப் புளிக்கவைத்த மோருக்குப் பட்டயம் எதுவும் தேவைப்படவில்லை. அது எல்லா வீட்டிலும் இருந்தது.

எல்லா வீட்டிலும் என்பதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். கரிசல் நிலத்தில் மாடில்லாத வீடுகளும் உண்டு. அங்கே புளிப்பு தானியத்திலிருந்து வந்தது. கம்பை இடித்து, கரைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சிய கூழும், இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்து விடியலில் இறுத்த நீச்சுத்தண்ணியும் உழவரின் காலையுணவாயின. மோர் கிடைத்த நாளில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். கிடைக்காத நாளில் சின்ன வெங்காயமும் உப்பும் போதுமாயின. பாலின்றியும் இலாக்டிக் அமில நுண்ணுயிர்கள் வளரும் என்பதை அறிவியலின் சொல்லில் அவர்கள் அறிந்திரார். ஆனால் அதன் பயனை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பின்பு இவ்வட்டாரத்தின் பொழுதே மாறியது. காட்டுக்குப் போன தூக்குவாளி ஆலைக்குப் போனது. வெடிமருந்துக்கு அருகே அடுப்பு மூட்ட இயலாது. வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய சோறும் மோரும் அனல் தேவைப்படாத உணவாக அங்கும் தொடர்ந்தன. பின்னர் அரிசி மலிந்து கம்பு விலகியது. கூழ் சாலையோரத் தள்ளுவண்டிக்குப் பெயர்ந்தது.

இனிக் குப்பியின் கதைக்கு வருவோம். பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய எலீ மெச்னிகாஃப், பல்கேரிய உழவரின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணமாகலாம் என 1907இல் எழுதினார். 1908இல் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக அவர் நோபல் பரிசு பெற்றார். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930இல் குடலை உயிரோடு சென்றடையும் ஒரு நுண்ணுயிர் வகையைத் தேர்ந்து வளர்த்தார். 1935இல் அது யாகுல்ட் என்னும் பானமாக விற்பனைக்கு வந்தது. 1963இல் அந்நிறுவனம் பெண்களைக் கொண்டு வீடுவீடாக விற்கத் தொடங்கியது. சும்மாடு ஒன்றுதான் குறை. மற்றபடி அவர்கள் நம் ஆய்மகளின் வழித்தோன்றல்களே! 2008இல் அப்பானம் இந்தியச் சந்தைக்கு வந்தது.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? அன்று. இங்கே பழம்பெருமை பேசி உண்மையை மழுப்பலாகாது. உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2001இல் தந்த வரையறையின்படி, போதிய அளவில் உட்கொள்ளும்போது நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களையே 'புரோபயாடிக்' எனல் வேண்டும். குப்பியில் இருப்பது இன்னதென்று அறிந்த வகை, எண்ணிக்கையும் அறிந்தது. அதில் சர்க்கரையும் உண்டு. நம் உறைமோரில் இருப்பது வீட்டுக்கு வீடு மாறும் கலவை. அதில் உயிருள்ள நுண்ணுயிர்கள் ஏராளம். ஆனால் எந்த வகை, எவ்வளவு என்று எவரும் அளந்து ஒட்டியதில்லை. குறிப்பிட்ட நோய்க்கு மருத்துவர் குறிப்பிட்ட வகையை எழுதித் தந்தால் மோர் அதற்கு மாற்றாகாது. வயிற்றுப்போக்கின்போது உப்பு சர்க்கரைக் கரைசலுக்கும் அது மாற்றாகாது. அன்றாட உணவில் புளித்த பொருளொன்று வேண்டும் என்பதுதான் நோக்கமானால், மோர் தாராளமாகப் போதும்.

அதன் செய்முறையை நம் பாட்டிமார் எழுதிவைக்கவில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். கால் லிட்டர் பாலை நன்கு காய்ச்சி, விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறவிட்டு, ஒரு சிறு கரண்டி உறைமோர் கலந்து மூடிவைக்க வேண்டும். கோடையில் ஆறேழு மணி நேரத்தில் உறைந்துவிடும். அதைக் கடைந்து, காய்ச்சி ஆறிய நீரை மும்மடங்கு சேர்த்து உப்பிட்டால் நான்கைந்து பேர் அருந்தலாம். நாளைக்கென ஒரு கரண்டி எடுத்துவைத்தால் மறுநாள் உறைக்குக் காசில்லை. கொதிக்கும் மோர்க்குழம்பில் அவ்வுயிர்கள் பிழைப்பதில்லை. ஆகவே ஒரு குவளையாவது பச்சையாகக் குடிப்பது நலம். நீச்சுத்தண்ணிக்கும் நீரின் தூய்மையே முதல் விதி. நாற்றமோ நிறமோ மாறினால் கொட்டிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் அம்மாணவியிடம் சொன்னோம். "எங்க வீட்டுல உறையே இல்ல சார். பாக்கெட் தயிர்தான் வாங்குறோம்" என்றாள். ஈராயிரம் ஆண்டு வரலாற்றைப் பாடமாக நடத்திய நமக்கு அந்த ஒரு வரி சுருக்கென்றது. கரண்டி கரண்டியாகக் கைமாறி வந்த ஒன்று அவள் வீட்டில் ஒரு தலைமுறைக்கு முன் அறுந்திருக்கிறது. அதை வாங்கிக் கொடுக்க இயலாது. ஒரு வீடு இன்னொரு வீட்டுக்கு ஊற்றித்தான் கொடுக்க இயலும். மறுநாள் ஒரு சிறு டப்பாவில் எம் வீட்டு உறைமோரைக் கொண்டுபோனோம். பெற்றுக்கொண்டவள், "அம்மாகிட்ட எவ்வளவுன்னு சொல்ல?" என்று கேட்டாள். உறைக்கு விலை சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லை என்று சொல்லி அனுப்பினோம்.