நித்தியகல்யாணியின் இரண்டு பாதிகள்

வேலியோரத்திலும் சுடுகாட்டிலும் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியில் ஆடுகூட வாய் வைக்காது. அத்தனை கசப்பு. நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஊசியில் ஏற்றும் வின்பிளாஸ்டின் அந்தக் கசப்பிலிருந்துதான் வருகிறது.

அது பிறக்கும் கதை இலை நரம்பையொட்டிய செல்களில் தொடங்குகிறது. அங்கே தயாராகும் கச்சாப்பொருளை மேல்தோல் செல்கள் உள்ளே வாங்கி, மாற்றி, வாக்குவோல் என்னும் நீர்ப்பையில் சேர்க்கின்றன. பையின் சவ்விலுள்ள புரதங்களே வாயிற்காவலர்கள். அவை விட்டால்தான் எதுவும் உள்ளே போகும், வெளியே வரும். பைக்குள் அந்தப் பொருள் டிரிப்டமின் என்னும் வேதிப்பொருளோடு இணைந்து ஸ்ட்ரிக்டோசிடின் உருவாகிறது. அதன் உடம்பில் ஒரு சர்க்கரை ஒட்டியிருக்கும்வரை செல்லுக்கு ஆபத்தில்லை. சர்க்கரையை வெட்டும் நொதியோ தனியே செல்லின் உட்கருவில் அடைபட்டிருக்கிறது. புழு இலையைக் கடித்தால் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கும். புரதங்களைப் பிணைத்துக் கட்டிப்போடும் நஞ்சு நொடியில் தயார். இதைவிடக் கச்சிதமான பாதுகாப்பு ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

கடிபடாத இலையில் ஸ்ட்ரிக்டோசிடின் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்து, பல கைகள் மாறி, இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை கேதரந்தின். அதில் கணிசமான பங்கு இலையின் மேலுள்ள மெழுகுக்கு ஏற்றப்படுகிறது. விரலால் தடவினால் வழுக்குமே, அந்தப் பூச்சுதான். இன்னொன்று விண்டோலின், அது உட்புறச் செல்களில் தங்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வின்பிளாஸ்டின். செடி அவற்றைப் பிரித்தே வைப்பதால் சேர்வது சொற்பம். ஒரு கிராம் மருந்துக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும்.

மடகாஸ்கரில் பிறந்த செடி இது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து 25 இலைகள் கனடாவுக்கு அஞ்சலில் போயின. அங்கே ஆய்வாளர் ராபர்ட் நோபிள் அவற்றின் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினார். சர்க்கரை அசையவில்லை, வெள்ளையணுக்கள் சரிந்தன. 1958இல் அவரோடு பணியாற்றிய சார்லஸ் பீர் அதற்குக் காரணமான வின்பிளாஸ்டினைத் தனியே பிரித்தெடுத்தார். நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களிலும் ஏற்றுமதிக்காக இதைப் பயிரிட்டிருக்கிறார்கள். 2022இல் ஆய்வாளர்கள் ஈஸ்ட் செல்லுக்குள் மருந்தின் இரண்டு பாதிகளையும் செய்து காட்டினார்கள். அதற்கு 30 நொதிப் படிகள் தேவைப்பட்டன.

சர்க்கரைக்கு நல்லதென்று காலையில் இந்த இலையையோ பூவையோ மெல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செடி தனக்கே ஆபத்து வராமல் அறை அறையாகப் பூட்டி வைத்திருக்கும் பொருள் இது. நம் வயிற்றில் அந்த அறைகள் இல்லை. மருத்துவரைக் கேட்காமல் வாயில் போடாதீர்கள்.