நிலைக் கம்பியில்லா இணைய அணுக்கம்

நிலைக் கம்பியில்லா இணைய அணுக்கம் என்பது தொலைபேசிக் கம்பியோ கேபிள் தொலைக்காட்சி இணைப்போ இன்றி, வானலைகள் வழியாக வீடு, பள்ளி, மருத்துவமனை போன்ற ஓரிடத்திற்கு இணைய வசதி அளிக்கும் முறையாகும். செல்லிடத் தொலைபேசியைப் போலன்றி, இதில் பயனரின் கருவி ஓரிடத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் மேலூர், தேனி ஆகிய பகுதிகளில் இம்முறை 2000களில் பயன்படுத்தப்பட்டது.

செயற்பாடு

உயரமான கோபுரம் ஒன்றில் தள நிலையம் அமைக்கப்படும். பயனரின் கூரையில் உள்ள ஆண்டெனா அக்கோபுரத்தை நோக்கிப் பொருத்தப்படும். ஆண்டெனாவிலிருந்து வரும் வடம் வீட்டினுள் உள்ள கருவியுடனும், அக்கருவி கணினியுடனும் இணைக்கப்படும். ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனியே செப்புக் கம்பி இழுக்க வேண்டியதில்லை என்பது இதன் முதன்மையான நன்மையாகும்.

தொலைதூர இணைப்புகளுக்கு இரு முனைகளும் தடையின்றி ஒன்றையொன்று நோக்கியிருத்தல் வேண்டும். தென்னந்தோப்புகள் மிகுந்த கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் ஆண்டெனாவை மரங்களுக்கு மேலே உயர்த்த வேண்டியிருக்கும்.

கார்டெக்ட்

கார்டெக்ட் என்பது பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகக் குழுவினர், மிடாஸ் நிறுவனத்துடன் இணைந்து 1990களில் உருவாக்கிய தொழில்நுட்பமாகும். இதன் தள நிலையம் சுமார் 10 கி.மீ. தொலைவு வரை இணைப்பு அளித்தது. நொடிக்கு 70 கிலோபிட் வேகத்தில் இணையத்தைப் பயன்படுத்த முடிந்தது. அதே நேரத்தில் தொலைபேசியிலும் பேசினால் வேகம் 35 கிலோபிட்டாகக் குறைந்தது. 2001 ஆம் ஆண்டு முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இதன் மூலம் இணைய மையங்கள் நடத்தப்பட்டன. போதிய வருவாய் இல்லாமை முதலிய காரணங்களால் பல மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன.

தேனி வலையமைப்பு

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியுடன், சுற்றுப்புற ஊர்களின் கண் பரிசோதனை மையங்களைத் தொலைதூர ஒய்-ஃபை மூலம் இணைத்தது. சின்னமனூர், போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி முதலியன இவற்றுள் அடங்கும். சில இணைப்புகள் 15 கி.மீ. வரை நீண்டன.

வழக்கமான ஒய்-ஃபையில், அனுப்பிய ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகை குறித்த நேரத்திற்குள் வரவேண்டும். தொலைவு கூடினால் ஒப்புகை தாமதமாகும். பொதி தொலைந்ததாகக் கருதப்பட்டு மீண்டும் அனுப்பப்படும். இதனைத் தவிர்க்க, இரு முனைகளும் முறைவைத்து அனுப்பும் வகையில் நெறிமுறை மாற்றப்பட்டது.

இம்மையங்களில் நோயாளிகள் தேனியில் உள்ள மருத்துவருடன் நிகழ்படம் வழியாகப் பேசினர். அறுவை சிகிச்சை முதலிய மேல் சிகிச்சை தேவைப்படுவோர் மட்டுமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. இதனால் பயணச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் பலருக்குத் தவிர்க்கப்பட்டன.

சிக்கல்கள்

ஒய்-ஃபை கருவிகள் மலிவானவை. கோபுரம் அமைப்பதற்கே பெருஞ்செலவாகும். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் கருவிகள் பழுதாவது தேனியில் பெரிய இடராக இருந்தது. பழுது நீக்க உள்ளூர்ப் பணியாளருக்குப் பயிற்சி அளித்தல் இன்றியமையாததாயிற்று.

பிற்கால வளர்ச்சி

செல்லிடத் தொலைபேசி பரவியதும் கார்டெக்ட் வழக்கொழிந்தது. 2023 ஆம் ஆண்டில் ஏர்டெல், ஜியோ நிறுவனங்கள் 5ஜி அலைவரிசையில் வீடுகளுக்கான நிலைக் கம்பியில்லா இணையச் சேவையை இந்தியாவில் தொடங்கின.