நேட்டாலின் மூன்று பவுண்டு வரியும் டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்டிரும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் தாயகம் திரும்பாது தங்கிய இந்தியர்மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதிக்க 1895-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஒப்பந்தத்தின் முதலாண்டில் மாதக் கூலி 10 சில்லிங். வரியோ அக்கூலியில் 6 மாதத் தொகை. பின்னர் 16 வயது நிறைந்த ஆண்மக்களும் 13 வயது நிறைந்த பெண்மக்களும் இவ்வரிக்கு உட்படுத்தப்பட்டனர். உழைப்பை ஏற்று உழைப்பாளரை விலக்குவதே இதன் நோக்கமாகும்.

1913 மார்ச்சில் வெளிவந்த சியர்ல் தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நிகழாத திருமணங்களின் சட்டத் தகுதியை மறுத்தது. அதன்பின் டிரான்ஸ்வால் பெண்களும் அறப்போரில் இறங்கினர். பெரும்பாலும் தமிழரான அவர்கள் எல்லை கடந்து, நேட்டாலின் நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தனர். டிரான்ஸ்வாலில் அவ்வரி இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தம்மைத் தொடாத வரியை எதிர்த்து அவர்கள் மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல் ஏற்றனர். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. சிறையில் நோயுற்ற வள்ளியம்மை, விடுதலையானபின் 1914 பிப்ரவரி 22-இல், 16 வயதில் மறைந்தார்.

அவ்வாண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது. ஒருதார மணங்களுக்கும் ஏற்பளித்தது. வாக்குரிமை மறுப்பு நீடித்தமையால் இவ்வெற்றி முழுமையானதன்று. ஆயினும், பாகுபாட்டின் சுமை விழுந்தவரோடு அச்சுமை விழாதவரும் நின்றமையே இப்போராட்டத்திற்கு வலுவூட்டியது.