இரண்டரை நிமிட கீதம்

மாநிலத்துக்குத் தனி கீதம் இருந்தால் அது தேசியகீதத்துக்குப் போட்டியாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கர்நாடகத்தின் வரலாறு அந்த அச்சத்துக்கு இடம் தரவில்லை. கன்னடக் கவிஞர் குவெம்புவின் ‘ஜய பாரத ஜனனிய தனுஜாதே’, 1956-இல் மொழிவழி மாநிலம் அமைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிறந்த பாட்டு; கர்நாடகத்தைப் பாரதத் தாயின் மகளாக நிறுத்தித்தான் வாழ்த்துகிறது. 2004-இல் அது மாநில கீதமானது. அதன்பிறகும் ஓயாத வழக்கு மெட்டைப் பற்றியது: இசையமைப்பாளர் மைசூர் அனந்தசாமியின் மெட்டா, இசையமைப்பாளர் சி. அஸ்வத்தின் மெட்டா? 2022-இல் பெங்களூரிலிருந்து அரசு ஆணை வந்தது: அனந்தசாமி மெட்டு, இரண்டரை நிமிடம். இசையில் அரசுக்கு என்ன வேலை என்ற கேள்வி நியாயமானதே. கச்சேரி மேடையில் மெட்டுகள் பலவாக இருக்கட்டும், இருக்கவும் வேண்டும். ஆனால் பள்ளி மைதானத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே குரலில் பாட வேண்டுமானால், ஒரு மெட்டைத் தேர்ந்துதான் ஆகவேண்டும்.